ரெய்டு கார்டா, எச்பிஏவா? டிஸ்க் எர்ரர் வந்தால் யாரைப் பிடிப்பது?

போன வருடம் எங்கள் ஃபைல் சர்வரில் நான்காவது டிஸ்க் ரெய்டிலிருந்து, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் அமைப்பிலிருந்து, கழன்றுகொண்டது. கார்டின் பதிவில் இருந்தது இவ்வளவுதான்: டைம்அவுட், ரீசெட், அப்புறம் 'ஃபெயில்டு'. சரி, டிஸ்க் போய்விட்டது என்று புதிது வாங்கிப் போட்டேன். ஒரு நாள் பொழுது ரீபில்டு ஓடியது, அதாவது மற்ற டிஸ்க்குகளை வைத்துப் புதியதை நிரப்பும் வேலை. பன்னிரண்டு நாளில் புதியதும் கழன்றது.

இரண்டையும் வேறொரு கணினியில் மாட்டி, இரவு முழுக்க முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படிக்க விட்டேன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில், கெட்ட செக்டர்களைச் சொல்லும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் நூற்றுக்கணக்கில். அது சிஆர்சி பிழைக் கணக்கு. டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே போகிற வழியில் தரவு சிதைந்தால்தான் ஏறும். ஆக, குற்றவாளி கேபிள். ஒரு பக்கம் ஒரே கனெக்டர், மறுபக்கம் நான்கு சாட்டா முனைகள் கொண்ட எஸ்எஃப்எஃப்-8087 கேபிள். அதில் ஒரு முனை தளர்ந்திருந்தது. நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல டிஸ்க்கைப் போட்டிருக்கிறேன்.

இதற்கப்புறம்தான் அந்த சர்வரில் ரெய்டு கார்டை எடுத்துவிட்டு எச்பிஏ (டிஸ்க்குகளை இணைக்க மட்டும் செய்யும் கார்டு) போட்டு, மேலே டிஸ்க்குகளை சாஃப்ட்வேரிலேயே ஒன்றாகக் கட்டும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை வைத்தேன். அதனால் நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வித்தியாசம் தெரிந்ததுதான். ரெய்டு கார்டு டிஸ்க்குகளைத் தானே கட்டி மேய்த்து, ஓஎஸ்ஸுக்கு ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும். எச்பிஏ ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே ஓஎஸ்ஸிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சுழலும் ஹார்டு டிஸ்க்குகளுக்கு இரண்டின் வேகமும் தாராளம். விலையும் பெரிய விஷயமில்லை. எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற பழைய எச்பிஏக்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது ஒன்றே ஒன்று: பிழை வரும்போது தப்பு டிஸ்க்குடையதா, கேபிளுடையதா, கன்ட்ரோலருடையதா, பவர் சப்ளையுடையதா என்று கண்டுபிடிப்பது எதில் சுலபம்?

ரெய்டு கார்டு ஒரு மேனேஜர் மாதிரி. கீழே நடப்பதை அது கேட்டு, தீர்ப்பும் எழுதி, தீர்ப்பை மட்டும் நமக்கு அனுப்பும். நியாயமாகச் சொன்னால் உள்ளே பார்க்க வழி இல்லாமல் இல்லை. மெகாரெய்டு கார்டுகளில் ஸ்டார்சிஎல்ஐ கருவி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 'மீடியா எர்ரர்', 'அதர் எர்ரர்' என்று இரண்டு கணக்கு காட்டும். முதலாவது ஏறினால் டிஸ்க்கின் மேல் சந்தேகம், இரண்டாவது மட்டும் ஏறினால் கேபிள், பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பலகை) பக்கம் பார்க்க வேண்டும். கார்டைத் தாண்டி டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தைப் படிக்கவும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் தனி ஆப்ஷன் உண்டு. அந்த 199-ஐ நான் அன்றைக்கே பார்த்திருக்க முடியும். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்து 'ஃபெயில்டு' என்று எழுதியிருக்கும்போது யாருக்கு அதைத் தோண்டத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

எச்பிஏவில் கர்னலின் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) பதிவு நேராகக் கையில் கிடைக்கிறது. எந்த டிஸ்க், எந்த செக்டர், படிக்கும்போதா எழுதும்போதா, டிஸ்க் தானே 'படிக்க முடியவில்லை' என்று சொன்னதா, பதிலே வராமல் நேரம் கடந்ததா, எல்லாம் வரிவரியாக இருக்கும். கூடவே எம்பிடி3சாஸ் டிரைவர் 'லாக் இன்ஃபோ' என்று ஒரு நீண்ட எண்ணைத் துப்பும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், பக்கத்து வரிகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மேலே இசட்எஃப்எஸ் தன் பங்குக்கு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் படிப்பு, எழுத்து, செக்சம் என்று மூன்று எண்கள் காட்டுகிறது. இந்தச் செக்சம் கணக்குதான் விசேஷம். டிஸ்க் 'எல்லாம் சரி' என்று சொல்லிக் கொடுத்த தரவு உள்ளபடியே சரியில்லை என்றால் இங்கே மாட்டிக்கொள்ளும். சாதாரண ரெய்டு-5 கார்டு தினசரி வாசிப்பில் பாரிட்டியை (தரவை மீட்கக் கூடவே எழுதிவைக்கும் கணக்கை) ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

அப்புறம் நான் செய்வது பழைய மெக்கானிக் வேலைதான். ஒரு டிஸ்க் மட்டும் பிழை காட்டினால் சர்வரை நிறுத்தி, அதையும் பக்கத்து டிஸ்க்கையும் இடம் மாற்றுவேன். பிழை டிஸ்க்கோடு போனால் டிஸ்க். ஸ்லாட்டிலேயே நின்றால் கேபிள் அல்லது பேக்பிளேன். ஒரே கேபிளில் தொங்கும் நான்கும் சேர்ந்து கத்தினால் அந்தக் கேபிள், அல்லது கார்டின் அந்த போர்ட். சர்வரின் எட்டு டிஸ்க்கும் கத்தினால் கார்டு, சூடு, பவர் சப்ளை. இசட்எஃப்எஸ் தன் டிஸ்க்குகளை அவற்றின் மேலேயே எழுதிவைத்த லேபிளைப் பார்த்து அடையாளம் காணும் என்பதால் இப்படி மாற்றி மாற்றி மாட்டப் பயமில்லை. ரெய்டு கார்டிலும் இது பெரும்பாலும் நடக்கும். ஆனால் கழன்று திரும்பிய டிஸ்க்கைப் பார்த்ததும் 'ஃபாரின் கான்ஃபிக்' திரை வந்து, டிஸ்க்கில் இருக்கும் பழைய ரெய்டு அமைப்பை ஏற்பதா (இம்போர்ட்) அழிப்பதா (கிளியர்) என்று கேட்கும். ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள், கை நடுங்கும்.

இன்னொன்று, கேபிள் தகராறில் கழன்ற டிஸ்க் திரும்பி வந்தால் என்ன ஆகும்? நான் வைத்திருந்த கார்டு முதலிலிருந்து முழு ரீபில்டு செய்தது. 4 டிபி டிஸ்க்கை வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால்கூட ஏழரை மணி நேரம். ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். அந்த நேரம் முழுக்க மற்ற டிஸ்க்குகளும் திணறும். இசட்எஃப்எஸ் அந்த டிஸ்க் இல்லாதபோது எழுதப்பட்டதை மட்டும் பிடித்து நிரப்பும். எனக்குச் சில நிமிடங்களில் முடிந்தது. இதனால்தான் கேபிளை மாற்றி மாற்றிச் சோதிக்கத் துணிச்சல் வருகிறது.

எச்பிஏ ஒன்றும் மகான் இல்லை. இந்த கார்டுகள் சர்வர் பெட்டியின் பலமான காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை. சாதாரண டவர் கேபினெட்டில் மாட்டினால் ஹீட்சிங்க் தொட முடியாத அளவு சுடும், பிறகு காரணமே இல்லாமல் எல்லா டிஸ்க்கும் ரீசெட் ஆகும். நான் ஒரு 40 மிமீ ஃபேனை நைலான் டையால் கட்டிவைத்திருக்கிறேன். அழகாக இல்லை, ஆனால் ரீசெட் நின்றது. ஃபர்ம்வேரையும் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) பாருங்கள். 9211-இல் பி20 வரிசையின் ஆரம்ப வெளியீடுகள் தொல்லை கொடுத்தவை, 20.00.07.00 போட்டால் நிம்மதி. எந்த ஸ்லாட்டில் எந்த டிஸ்க் என்று விளக்கு போட்டுக் காட்டுவதிலும் ரெய்டு கார்டுதான் கெட்டிக்காரன். நான் டிஸ்க் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை டிரேயில் ஒட்டிவைத்துச் சமாளிக்கிறேன்.

ரெய்டு கார்டை வைத்துக்கொண்டே ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு-0 (ஒரே டிஸ்க் கொண்ட, பாதுகாப்பில்லாத ரெய்டு) ஆக்கி மேலே இசட்எஃப்எஸ் போடும் குறுக்கு வழி ஒன்று உண்டு. செய்யாதீர்கள். இரண்டு பக்கத்துக் கெட்டதும் சேர்ந்துகொள்ளும்.

ரெய்டு கார்டின் உண்மையான பலம் பேட்டரி பாதுகாப்புள்ள கேஷ். சின்னச் சின்னதாக நிறைய எழுதும் டேட்டாபேஸுக்கு அது வரம். எச்பிஏவில் அந்த வேகம் வேண்டுமென்றால் மின்சாரம் போனாலும் தரவை விடாத எஸ்எஸ்டி தனியாக வாங்க வேண்டும். அந்த அமைப்பைப் பெரிய டேட்டாபேஸில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை, என் அனுபவம் எட்டு டிஸ்க் ஃபைல் சர்வரோடு சரி. ஆனால் அந்த பேட்டரி சாகும்போது நடப்பது தெரியும். கார்டு சத்தமில்லாமல் ரைட்-பேக்கிலிருந்து (கேஷில் வாங்கியதுமே 'எழுதியாயிற்று' என்பது) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே சொல்வது) மாறிவிடும். டிஸ்க் எல்லாம் பச்சை, எர்ரர் எதுவும் கிடையாது, கணக்குப் பிரிவில் மட்டும் 'சிஸ்டம் ஸ்லோ' என்று குரல் வரும். நான் இரண்டு நாள் நெட்வொர்க்கைக் குடைந்தேன்.

ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ உள்ள இன்னொரு சர்வரில் இன்னமும் ரெய்டு கார்டுதான், ஏனென்றால் அதனிடம் சொந்தமாக சாஃப்ட்வேர் ரெய்டு கிடையாது. அந்த கார்டு செத்தால் டிஸ்க்கில் இருக்கும் அமைப்பைப் படிக்க அதே குடும்பத்துக் கார்டு வேண்டும். அதனால் அதே மாடலில் இன்னொன்று வாங்கி, ஃபர்ம்வேர் பதிப்பை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இரண்டு புது கேபிள்.