சி.ஐ.எஃப். (கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்ந்த) விலையில் மெஷின் வரவழைப்பவர்கள் கவனத்துக்கு: சென்னையில் காத்திருக்கும் டெலிவரி ஆர்டர் (டி.ஓ.) பில்

சீனாவிலிருந்து சின்னதாக ஒரு மெஷினோ அச்சோ உதிரிபாகமோ கப்பலில் வரவழைக்கலாம் என்று இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள். எங்களிடம் பணம் பறித்தது சென்னையில் இருக்கும் ஒரு ஃபார்வர்டிங் ஏஜென்சி, அதாவது சரக்கு அனுப்பி விடுவிக்கும் இடைத்தரகு நிறுவனம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற நிலைமையும் கிடையாது, இதே வேலையைப் பல பேர் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

வாலாஜாபாத் பக்கம் மசாலாப் பொடி அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறோம். கையால் எடை போட்டு சீல் வைத்துக்கொண்டிருந்த வேலைக்கு, 2023 கடைசியில் ஒரு பவுச் பேக்கிங் மெஷின் வாங்கினோம். வென்ஜோ பக்கத்து சப்ளையர். இறக்குமதிக்கு வேண்டிய ஐ.இ. கோடு, ஜி.எஸ்.டி., வங்கியின் ஏ.டி. கோடு எல்லாம் முன்னாலேயே தயார். சப்ளையர் இரண்டு விலை கொடுத்தார். நிங்போ துறைமுகம் வரைக்கும் எஃப்.ஓ.பி. 3,760 டாலர். சென்னை வரைக்கும் சி.ஐ.எஃப். 3,800 டாலர். வெறும் 40 டாலருக்குக் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும். யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள்.

அந்த 40 டாலருக்குப் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொறியே அங்கேதான் இருக்கிறது. முழு கன்டெய்னர் நிரப்பும் அளவுக்குச் சரக்கு இல்லாதவர்கள் எல்.சி.எல். முறையில்தான் அனுப்ப முடியும். அதாவது ஒரு கன்சாலிடேட்டர் பத்து இருபது பேருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றுவார். கப்பல் கம்பெனி அவருக்கு ஒரு மாஸ்டர் பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்கான ரசீது) கொடுக்கும், அவர் நம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஹவுஸ் பில் ஆஃப் லேடிங் போடுவார். சீனாவில் இந்தத் தொழிலில் போட்டி அதிகம். சரக்கைப் பிடிப்பதற்காகக் கப்பல் கூலியைச் சல்லிக்காசுக்குக் காட்டுவார்கள், சில வழித்தடங்களில் பூஜ்யம் என்றே காட்டுவார்கள், அனுப்புகிறவருக்குக் கைக்காசு திருப்பிக் கொடுப்பதும் உண்டு. அந்த நஷ்டத்தை எல்லாம் வாங்குகிறவர் ஊரில் இருக்கும் அவர்களுடைய ஏஜென்ட் வசூலித்துக்கொள்வார். ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுத்தது நாம் இல்லை, அவரோடு நமக்கு ஒப்பந்தமும் இல்லை. ஆனால் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர், எல்லாரும் டி.ஓ. என்று சொல்லும் அந்தக் காகிதம், அவர் கையில். அது இல்லாமல், கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை வைக்கும் சி.எஃப்.எஸ். கிடங்கிலிருந்து ஒரு ஆணியைக்கூட வெளியே எடுக்க முடியாது.

கப்பல் கிளம்பும் முன்னாலேயே சென்னை ஏஜென்ட் யார் என்று சப்ளையரிடம் கேட்டு வாங்கி, அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். மெஷின் அளவு, எடை, இரண்டு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "டி.ஓ., சி.எஃப்.எஸ். எல்லாம் சேர்த்து 14,000-க்குள் முடிந்துவிடும் சார்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னமும் என் போனில் இருக்கிறது.

கப்பல் வந்தபிறகு வந்த பில் 61,000 ரூபாய்க்கு மேல்.

அந்தப் பில்லை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. டெர்மினல் ஹேண்ட்லிங் என்று ஒரு வரி. அதற்குக் கீழே டெஸ்டினேஷன் ஹேண்ட்லிங். அதற்கும் கீழே சி.எஃப்.எஸ். ஹேண்ட்லிங். கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை இறக்கியதற்கு டி-ஸ்டஃபிங் என்று தனியாக. அப்புறம் டி.ஓ. கட்டணம், டாக்குமென்டேஷன், ஐ.ஜி.எம். தாக்கல், கன்சோல் சார்ஜ், ஏஜென்சி ஃபீ, கரன்சி அட்ஜஸ்ட்மென்ட், சைனா இம்போர்ட் சர்வீஸ் சார்ஜ். எங்கள் சரக்கு இரண்டு கன மீட்டர்கூட இல்லை, ஆனால் பாதி வரிகளில் 'குறைந்தபட்சம் மூன்று' என்று போட்டுப் பெருக்கியிருந்தார்கள். டாலர் கணக்கில் உள்ளவற்றை ரூபாயாக மாற்றியதில் இன்னொரு வேலை. வங்கியில் அன்றைக்கு டாலர் 83 ரூபாய் சொச்சம். பில்லில் 89. எல்லாவற்றின் மேலேயும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

இதைச் சுங்க வரியோடு வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி பேக்கிங் மெஷினுக்கு அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ். இரண்டும் சேர்ந்து 8.25. பிறகு விலையும் இந்த வரியும் சேர்ந்த தொகைக்கு ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) 18 சதவீதம். கூட்டினால் 27.735 சதவீதம். எங்கள் மெஷினுக்கு மொத்தம் 88,000 ரூபாய் சொச்சம் வந்தது. ஆனால் அதில் 62,000 ஐ.ஜி.எஸ்.டி., ஜி.எஸ்.டி. பதிவு இருப்பதால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் கையை விட்டுப் போகிற சுங்க வரி 26,000 ரூபாய்தான். அரசாங்கத்துக்கு நிஜமாகச் சேர்ந்த சுங்க வரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல், ஒரு காகிதத்தைக் கொடுப்பதற்கு அந்த ஏஜென்சி கேட்டது. இறக்குமதி என்றாலே 'கஸ்டம்ஸில் தீட்டிவிடுவான்' என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு.

போன் போட்டேன். "சார், அது தோராயமா சொன்னது சார். பில் டேரிஃப்படிதான் வரும்" என்றார் அந்தப் பையன். அந்த டேரிஃபை, அதாவது கட்டணப் பட்டியலை, அனுப்புங்கள் என்றேன். வரவில்லை. மேலாளரிடம் பேச வேண்டும் என்றேன். அவர் மீட்டிங்கில் இருந்தார், பிறகு வெளியூரில் இருந்தார். இந்த இழுத்தடிப்பும் திட்டமிட்டதுதான். சி.எஃப்.எஸ்.ஸில் இலவச நாட்கள் கொஞ்சம்தான், அது முடிந்தால் கிரவுண்ட் ரென்ட் (கிடங்கு வாடகை) ஓட ஆரம்பிக்கும், வாரம் ஏற ஏற ரேட்டும் ஏறும். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரப் படிவம்) தாக்கல் செய்யவில்லை என்றால் சுங்கச் சட்டம் 46-ஆவது பிரிவின்படி முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்கப்புறம் தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் அதைத் தள்ளுபடி செய்ய வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் அலைய வேண்டும். வாங்குகிறவர் ஒவ்வொரு நாளும் நஷ்டப்படுவார், கடைசியில் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பில் ஆஃப் என்ட்ரி விஷயத்தில் நாங்கள் தப்பித்தது தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட்டால் (சுங்கத் தரகர்). வயதானவர், அந்தத் தெருவிலேயே தொழில் கற்றவர். கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம் என்பதால், ஹவுஸ் பில் நகல் கிடைத்த அன்றே தாக்கல் செய்துவிட்டார். அவர் இல்லாமல் அந்த ஏஜென்சியே 'கிளியரன்ஸும் நாங்களே பார்க்கிறோம்' என்றபோது சம்மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் மரப்பெட்டிக் கதை. ஏஜென்சி அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் பேசினார். மெஷின் வந்த மரப்பெட்டியில் ஃபியூமிகேஷன் முத்திரை இல்லை, பிளான்ட் குவாரன்டைனில் (பூச்சி, நோய் தடுப்புச் சோதனையில்) பிடித்துவிடுவார்கள், 18,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தால் 'முடித்துத் தருகிறேன்' என்றார். ரசீது கிடைக்குமா என்றதற்குப் பதில் இல்லை.

முத்திரை என்பது நிஜமான விஷயம். பச்சை மரத்தில் பூச்சி வந்துவிடக் கூடாது என்று ஐ.எஸ்.பி.எம். 15 என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது. பெட்டிக்குப் பயன்படுத்தும் மரத்தை உள் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும், இல்லையென்றால் மீதைல் புரோமைடு புகை போடுவது போல அனுமதித்த வேறு முறையைச் செய்ய வேண்டும், அதற்கான முத்திரையை மரத்திலேயே குத்த வேண்டும். இந்தியாவும் இதைக் கேட்கிறது. பிளைவுட்டுக்கு இது தேவையில்லை, அது பசை, சூடு, அழுத்தத்தில் செய்யப்படுவது. அனுப்பும் முன் சப்ளையரிடம் பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். என் மனைவிதான் அந்தப் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்து, "இதோ இருக்குங்க" என்று காட்டினாள்.

மறுநாள் மாதவரம் பக்கம் இருக்கும் அந்தக் கிடங்குக்கு எங்கள் ஏஜென்ட்டோடு போனேன். பெட்டியின் நான்கு பக்கமும் மேலும் பிளைவுட். அடியில் ஃபோர்க்லிஃப்ட் கரம் நுழைவதற்காக வைத்த மூன்று கட்டைகள் மட்டும் முழு மரம். அங்கே வேலை பார்த்த ஒரு அண்ணன் துணியால் தூசியைத் துடைத்தார். ஓரக் கட்டையில் கறுப்பு மையில் அழகாகத் தெரிந்தது: ஒரு கதிர் படம், பக்கத்தில் சீனாவுக்கான சி.என்., ஒரு எண், ஹெச்.டி. என்ற எழுத்து. ஹெச்.டி. என்றால் சூடாக்கிச் சுத்தம் செய்தது. எங்கள் ஏஜென்ட் அந்த 'முடித்துத் தருகிறேன்' ஆளுக்கு அங்கிருந்தே போன் போட்டு, "தம்பி, உங்க கார்டு நம்பர் என்ன, ஜி-யா ஹெச்-சா?" என்று மட்டும் கேட்டார். போன் கட் ஆனது. சுங்கத் தரகர் உரிமம் பெற்றவரும் அவரிடம் வேலை செய்கிறவர்களும் சுங்கத்துறை கொடுத்த எஃப், ஜி, ஹெச் அட்டைகளில் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அந்த ஆளிடம் எதுவும் இல்லை.

டி.ஓ. பில்லுக்கு இந்த மாதிரி சுலபமான முடிவு கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் பதிலை இணைத்து, ஒவ்வொரு கட்டணமும் எதற்கு, எந்த டேரிஃப்படி என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். அதன் நகலைச் சீன சப்ளையருக்கும் நிங்போ கன்சாலிடேட்டருக்கும் போட்டோம். அடுத்த மெஷினுக்கு இவர்கள் வழியாக அனுப்ப மாட்டோம் என்று சப்ளையர் அங்கே சத்தம் போட்டபிறகுதான் அசைந்தார்கள். 61,000 கடைசியில் 43,000-க்கு வந்தது. கிரவுண்ட் ரென்ட் தனி. ஆட்சேபத்தோடு கட்டி மெஷினை எடுத்துவந்தோம். சொன்ன 14,000-க்கு மேல் வாங்கியது இன்றுவரை திரும்பவில்லை.

வரவழைக்கப் போகிறவர்கள் முதலில் எஃப்.ஓ.பி. விலைக்கு வாங்குங்கள். கப்பல் கூலி நூறு டாலர் அதிகமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஃபார்வர்டரை நீங்களே சென்னையிலோ தூத்துக்குடியிலோ பேசி வைத்து, நிங்போவில் சரக்கை எடுப்பதிலிருந்து இங்கே டி.ஓ. கொடுப்பது வரைக்கும் எல்லாக் கட்டணமும் அடங்கிய விலைப்புள்ளியை அவருடைய லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். எந்த டாலர் ரேட், குறைந்தபட்சம் எத்தனை கன மீட்டர் என்ற இரண்டையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் எம்.டி.ஓ. (மல்ட்டிமோடல் டிரான்ஸ்போர்ட் ஆபரேட்டர்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் பதிவு அது. தவிர்க்க முடியாமல் சி.ஐ.எஃப். எடுத்தால், சென்னை ஏஜென்ட்டின் கட்டணப் பட்டியலைச் சப்ளையரே வாங்கிக் கொடுத்து, அதைப் புரோஃபார்மா இன்வாய்ஸில் (முன்கூட்டித் தரும் விலைப் பட்டியலில்) சேர்த்தால்தான் பணம் அனுப்புவேன் என்று சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸையும் பாருங்கள். சி.ஐ.எஃப். விலையில் சப்ளையர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சப் பாதுகாப்பான 'சி' பிரிவு மட்டும்தான். கிடங்கில் கீழே போட்டு நசுக்கினாலோ பாகம் திருடுபோனாலோ அதில் பைசா வராது. விரிவான பாதுகாப்பான 'ஏ' பிரிவு கேளுங்கள். சுங்க வரியை யார் கணக்குக்கும் அனுப்பாமல் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் உங்கள் வங்கியிலிருந்தே கட்டுங்கள். பில் ஆஃப் என்ட்ரி எண்ணை வைத்து எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கேயே பார்க்கலாம்.

ஏற்கெனவே இப்படி ஒரு பில் கையில் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு: சரக்கைப் போட்டுவைத்துச் சண்டை பிடிக்காதீர்கள், வாடகை உங்கள் நியாயத்தைத் தின்றுவிடும். 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை விற்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள், ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர்கள் முதலில் சொன்ன தொகையின் ஸ்கிரீன்ஷாட், அரைவல் நோட்டீஸ் (சரக்கு வரும் அறிவிப்பு), ஹவுஸ் பில், வந்த பில் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். உரிமம் இல்லாத ஆள் யாராவது பணம் கேட்டிருந்தால் அந்த நம்பரோடு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்திருக்கிறோம்.