‘கழுவின கல், அப்படியே தொட்டியில் போடலாம்’ என்று பழைய ராக் விற்கிறார்களா? கவனம்

“ஆசிட் வாஷ் ஆச்சு, பிளீச்சிலயும் ஊற வெச்சாச்சு, பாக்டீரியா எல்லாம் உயிரோட இருக்கு, நேரா தொட்டியில போட்டுக்கலாம்.” கலைத்துவிட்ட கடல்நீர் மீன்தொட்டியின் ராக்கை (நீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா குடியிருக்கும் துளையுள்ள கல்) விற்றவர் சொன்னது இது. பிளீச்சில் ஊறிய கல்லில் பாக்டீரியா பிழைக்காது. ஆகவே இரண்டில் ஒன்று பொய். இங்கே இரண்டுமே பொய். வெளேரென்று இருந்த கற்களைத் தனி டிரம்மில் உப்புநீரில் போட்டதும் அமோனியா ஏறியது, அழுகிய முட்டை வாடை அடித்தது. பாசியை வளர்க்கும் பாஸ்பேட் 1 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டியது. பவளத் தொட்டியில் பெரும்பாலோர் வைத்துக்கொள்ளும் அளவு 0.03 முதல் 0.1 வரைதான். கேட்டால், “உங்க தண்ணியில கோளாறு.” பணமும் திரும்பவில்லை. போதாததற்கு ஈரத்தோடு எடை போட்டிருக்கிறார். துளை நிறைந்த கல் நிறையத் தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்தே காசு.

கல் வெள்ளையாக இருப்பதற்கு ஒரே அர்த்தம், மேற்பரப்பு வெளுத்திருக்கிறது என்பதுதான். லேசாக பிளீச் தடவி வெயிலில் போட்டாலே அந்த நிறம் வந்துவிடும். துளைகளுக்குள் செத்துக் காய்ந்த ஸ்பாஞ்சும் புழுவும் அப்படியே இருக்கும், நனைந்ததும் அழுக ஆரம்பிக்கும். காய்ந்த பிறகும் பளிச்சென்று ஊதாவாக இருக்கும் கல்லையும் நம்ப வேண்டாம். அந்த ஊதா நிறத்தைத் தரும், கல்மேல் படரும் கோரலைன் பாசி செத்தால் வெளுத்துவிடும். வெளுக்காத ஊதா பெரும்பாலும் சாயம்.

வாங்குமுன் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, மூடியுள்ள வாளியில் உப்புநீர் ஊற்றி ஒரு நாள் வைத்து மோந்து பாருங்கள். அதே நீரில் அமோனியாவும் பாஸ்பேட்டும் சோதியுங்கள். துண்டு தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வதே வழி. கல்லை வேகவைக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பாலித்தோவா, ஜோவாந்திட் என்ற பவளம் போன்ற கடல் உயிரிகள் ஒட்டியிருந்தால் அவற்றின் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடும் திவலையோடும் மூச்சில் போய் மருத்துவமனையில் கொண்டு சேர்க்கும். சுரண்டுவதையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்.

சுரண்டியபின் வாசனை சேர்க்காத பிளீச் 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர். பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) வைத்து ஓட்டுங்கள், தேங்கிய நீரில் துளைக்குள் பிளீச் சரியாகப் போகாது. ஒரு நாளில் பிளீச் வாடை போய்விட்டால் அழுக்கு அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். புதிதாகக் கலந்து மறுபடி ஊற வையுங்கள். பிறகு அலசி, மிச்சக் குளோரினை முறிக்கும் சோடியம் தையோசல்பேட் கலந்த நீரில் ஊறவைத்து, வாடையே இல்லாத அளவுக்குக் காயப்போடுங்கள்.

பிளீச் சதையைக் கரைக்கும், பாஸ்பேட்டைத் தொடாது. பாஸ்பேட் கல்லின் கால்சியம் கார்பனேட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள நீரில் குறையக் குறைய கல்லிலிருந்து கசியும். தண்ணீர் மாற்றிய மறுநாள் டெஸ்ட்டில் நல்ல எண் வந்து, அடுத்த வாரம் பழையபடி ஏறுவது இதனால்தான். ஆசிட் மேல் அடுக்கைக் கரைத்து அதில் உள்ளதை நீக்கும்: ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு, நுரை அடங்கும் வரை. ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல. பிளீச் ஈரம் துளியும் இருக்கும்போது ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். கல் நன்றாகக் காயாமல் இந்தப் படிக்குப் போகவே கூடாது. கல் கொஞ்சம் இளைக்கும், மெல்லிய கிளைகள் உடையும்.

ஆழத்தில் இருக்கும் பாஸ்பேட்டை ஆசிட்டும் எட்டாது. ஆர்.ஓ. நீரில் கலந்த உப்புநீரில் கல்லைப் போட்டு, ஹீட்டர், பவர்ஹெட்டுடன் இருட்டில் ஓட்டி, பாஸ்பேட் ஏறும்போதெல்லாம் அதைப் பிடித்து வீழ்படிவாக்கும் லாந்தனம் குளோரைடைச் சிறிது சிறிதாக விட வேண்டும். நீர் பால்போலக் கலங்கும். அந்த வீழ்படிவை மெல்லிய ஃபில்டர் சாக்ஸில் பிடித்து அகற்றுங்கள். மீன் உள்ள தொட்டியில் இதைச் செய்யாதீர்கள். மருந்து விடாமலே ஒரு வாரம் பாஸ்பேட் 0.1க்குள் நின்றால்தான் முடிந்தது என்று கணக்கு. அதிகம் உறிஞ்சிய கல்லுக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த உப்புக்கும் மின்சாரத்துக்கும் புது டிரை ராக்கே (உயிர் எதுவும் இல்லாத உலர்ந்த கல்) மலிவாக வரலாம். பிளீச் பட்ட கல்லில் பாக்டீரியா கிடையாது என்பதால் அதன்பின் அமோனியா கொடுத்து சைக்கிளும் (அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளர்க்கும் வேலை) புதிதாகத் தொடங்க வேண்டும்.

விற்பவர் வாயிலிருந்து வராத இன்னொரு விஷயம் தாமிரம். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றிய தொட்டியின் கல் தாமிரத்தை உறிஞ்சிப் பிறகு மெல்ல விடும். மீன் தாங்கும், இறால், நத்தை, பவளம் செத்துப்போகும். ஊறவைத்த நீரில் தாமிர டெஸ்ட் துளியளவு நிறம் காட்டினாலும் அந்தக் கல்லுக்குப் பிளீச்சும் ஆசிட்டும் செலவழிக்காதீர்கள். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். வேறு யாருக்காவது கொடுத்தால் தாமிரம் பட்டது என்று சொல்லியே கொடுங்கள்.