28 மி.மீ. மேஜைக்கு மலிவு வண்டிகள்: மூன்று இன்ச் காரா, புல்பேக்கா, 1/43-ஆ?

குட்டி வீரர் உருவங்களை மேஜையில் நகர்த்தி ஆடுகிற மினியேச்சர் போர் ஆட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பது கொஞ்சம் கொஞ்சமாக நடந்துவிடும், வண்டி என்று வரும்போதுதான் கையைக் கடிக்கும். இரண்டாம் உலகப்போர் ஆடுகிறவர்களுக்காக வார்லார்ட், ரூபிகான் போன்ற கம்பெனிகள் 1/56 ஸ்கேலில், அதாவது நிஜத்தில் 56-ல் ஒரு பங்கு அளவில், நாமே ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் கிட் போடுகிறார்கள். ஒரு டாங்கிக்கே 20 பவுண்டுக்கு மேல், அதன் தலையில் தபால் செலவு, கஸ்டம்ஸ். ஒன்றிரண்டு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கலாம். ஆனால் ஜாம்பி ஆட்டமோ, இன்றைய நகரத்தில் நடக்கிற தெருச் சண்டையோ ஆடுவதென்றால் தெரு முழுக்கக் கார் நிற்க வேண்டும், அதில் முக்கால்வாசி சும்மா ஒளிந்துகொள்ள மட்டும்தான். அதற்கெல்லாம் கிட் வாங்கினால் கட்டுப்படியாகாது. பொம்மைக் கடைதான் கதி.

சரி, எந்தப் பொம்மை? அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 28 மி.மீ. என்பது உருவத்தின் உள்ளங்காலிலிருந்து கண் வரை அளக்கிற உயரம் என்பது பழைய வழக்கம். 1.75 மீட்டர் ஆளுக்குக் கண் ஏறத்தாழ 1.63 மீட்டரில் இருக்கும், வகுத்தால் 1/58 வருகிறது. ஆனால் இப்போது வருகிற உருவங்களுக்குத் தலை பெரிது, கை பெரிது, துப்பாக்கி அதைவிடப் பெரிது, 32 மி.மீ. வரை வளர்ந்துவிட்டன, அவற்றுக்கு 1/51 பக்கம் போக வேண்டும். போதாக்குறைக்குக் காலடியில் உருவம் நிற்பதற்கு இரண்டு மூன்று மி.மீ. தடிமனில் ஒரு பேஸ். ஆக 1/50-லிருந்து 1/60 வரை எது நின்றாலும் கண் ஒத்துக்கொள்ளும். இப்போது கடையைப் பாருங்கள்: பெட்டியில் 1/64 என்றோ, 1/43 என்றோ, 1/36 என்றோதான் போட்டிருக்கும். நமக்கு வேண்டிய நடு மட்டும் இருக்காது.

அதனால்தான் 1/64 கட்சி, 1/43 கட்சி என்று இரண்டு பிரிந்து வருடக்கணக்காகச் சண்டை போடுகின்றன. என்னைக் கேட்டால் இரண்டு கட்சியும் பெட்டியில் இருக்கிற எண்ணை ரொம்ப நம்புகின்றன. மலிவுப் பொம்மை செய்கிறவர் ஸ்கேலுக்காகக் கார் செய்வதில்லை, கடைக் கொக்கியில் தொங்குகிற அட்டைப் பாக்கெட்டுக்குள் அடங்குகிற மாதிரி செய்கிறார். சின்ன வண்டியும் பெரிய வண்டியும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வந்து நிற்கும். எனவே பிராண்டுக்கு ஒரு ஸ்கேல் என்று பார்க்காமல், நிஜ வண்டியின் நீளத்தைப் பொம்மையின் நீளத்தால் வகுத்து ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். போனில் கால்குலேட்டர் இருக்கிறது, அரை நிமிட வேலை.

மூன்று இன்ச் டைகாஸ்ட், அதாவது உலோக வார்ப்புக் கார் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஹாட்வீல்ஸ், மேட்ச்பாக்ஸ், மஜோரெட், டொமிக்கா எல்லாம் இந்த வகைதான். பழைய மினி கார் நிஜத்தில் 3.05 மீட்டர், அது 6 செ.மீ. பொம்மையாக வந்தால் 1/51. வோக்ஸ்வேகன் பீட்டில் 4.08 மீட்டர், 7 செ.மீ.யில் 1/58. இரண்டுமே 28-க்கு அல்வா மாதிரி. அதே கொக்கியில், அதே விலையில் 1959 கெடிலாக் ஒன்று தொங்கும், நிஜத்தில் 5.7 மீட்டர், அதை 7.5 செ.மீ.க்குள் அடக்கினால் 1/76 ஆகிவிடும், நம் ஆள் பக்கத்தில் நின்றால் பேட்டரி கார் மாதிரி தெரியும். பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே மூன்று இன்ச்சில் நிஜத்தில் நான்கு மீட்டர் பக்கமோ அதற்குக் குறைவாகவோ இருக்கிற வண்டிகளை மட்டும் பொறுக்க வேண்டும்: ஹேட்ச்பேக், பழைய ஜீப், குட்டி வேன், குட்டி டிரக்.

மூன்று இன்ச்சில் சொன்ன நான்கு பிராண்டில் எது என்று கேட்டால், எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்து என் வரிசை தலைகீழாகும்.

ஆள் உருவங்களோடு தெருவில் நிறுத்துவதற்கு எனக்கு டொமிக்கா முதலில். 1970-ல் தொடங்கிய ஜப்பானிய பிராண்ட், வண்டியைத் திருப்பினால் அடியில் S=1/ என்று ஆரம்பித்து அந்த வண்டிக்கு உரிய ஸ்கேலையே அச்சிட்டிருப்பார்கள், கணக்குப் போடும் வேலைகூட மிச்சம். இன்னொன்று, ஜப்பானின் கெய் எனப்படும் குட்டி வகை வண்டிகள் சட்டப்படி 3.4 மீட்டரைத் தாண்டக்கூடாது. அது 6 செ.மீ. பொம்மையானால் 1/57, இதைவிடப் பொருத்தமாக யாரும் செய்து தர மாட்டார்கள். குறை விலைதான், ஹாட்வீல்ஸைவிட நன்றாகவே கூடுதல். அடுத்து மஜோரெட். பிரெஞ்சு பிராண்ட், 1961-ல் தொடங்கியது, இப்போது ஜெர்மனியின் சிம்பா டிக்கி கையில் இருக்கிறது. இதிலும் பல வண்டிகளின் அடியில் ஸ்கேல் பொறித்திருக்கும், சில மாடல்களில் கதவு திறக்கும். கதவு திறந்து கிடக்கிற, உள்ளே யாரும் இல்லாத ஒரு கார் ஜாம்பி மேஜையில் செய்கிற வேலையைப் பத்து மூடிய கார் செய்யாது. மேட்ச்பாக்ஸ் 1953-ல் லண்டனில் லெஸ்னி கம்பெனி தொடங்கியது, 1997 முதல் ஹாட்வீல்ஸ் போடுகிற மட்டெலிடம். ஆம்புலன்ஸ், பிக்கப், போலீஸ் ஜீப் என்று நிஜத் தெருவில் ஓடுகிற வண்டிகளில் கவனம் அதிகம், ஆனால் நம்மூர்க் கடைகளில் ஹாட்வீல்ஸ் கிடைக்கிற அளவுக்குக் கிடைப்பதில்லை.

ஹாட்வீல்ஸ் எங்கும் கிடைக்கிறது, மளிகை சூப்பர்மார்க்கெட் பில் கவுண்டர் வரை. சாதாரண அட்டை ஒன்று இருநூறு ரூபாய்க்குள். ஆனால் ஆளோடு நிறுத்தத் தோதான நிஜக் கார்களைச் சேகரிப்பாளர்கள் வந்து வாரிக்கொண்டு போய்விடுவார்கள், மிஞ்சுவது சுறாமீன் முகத்தோடு இருக்கிற கற்பனை வண்டிகள். சக்கரமும் பெரிது. நிஜ டயர் சுமார் 60 செ.மீ. என்று வைத்தால் 1/56-ல் 11 மி.மீ. இருக்க வேண்டும், இவற்றில் பல அதைத் தாண்டும். அப்புறம் எதற்கு இது என்றால், காஸ்லாண்ட்ஸ் ஆடத்தான். 2017-ல் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்டது, 2019-ல் விரித்து எழுதிய பதிப்பும் வந்தது. இந்த மூன்று இன்ச் பொம்மைக் கார்களை வைத்தே ஆட வேண்டும் என்று யோசித்துச் செய்த ஆட்டம். மேஜையில் நடந்து போகிற ஆட்களுக்கு முக்கியத்துவம் இல்லை, காரும் காரும் மோதுவதுதான் கதை, எனவே ஸ்கேல் கவலையே கிடையாது. அங்கே சுறாமீன் முகம்தான் அழகு. அந்த ஆட்டத்துக்கு ஹாட்வீல்ஸ் முதலில், டொமிக்கா கடைசியில்.

இனி ஐந்து இன்ச் புல்பேக். கின்ஸ்மார்ட், வெல்லி மாதிரி பின்னால் இழுத்து விட்டால் ஓடுகிற உலோகக் கார்கள். பெட்டியில் 1/32-லிருந்து 1/38 வரை போட்டிருப்பார்கள். 1/36-ல் ஒரு மனிதன் கிட்டத்தட்ட 49 மி.மீ. உயரம். நம் 28 மி.மீ. வீரனை அந்தக் கார் கதவோரம் நிறுத்தினால் அப்பாவின் காரைத் துடைக்க வந்த பையன் போல இருக்கிறான். சாதாரணக் கார் என்றால் வாங்காதீர்கள். ஆனால் இங்கேயும் அதே அட்டைக் கணக்கு உதவும்: 5.8 மீட்டர் நீளமுள்ள பெரிய அமெரிக்க பிக்கப்பை 12.5 செ.மீ.க்குள் அடக்கினால் 1/46. பேஸ் தடிமனோடு நிற்கிற பெரிய தலை உருவங்களுக்கு அது சரியாகவே இருக்கும். அதே வரிசையில் ஐந்து இன்ச் பஸ்ஸைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், 11 மீட்டர் பஸ் 12.5 செ.மீ.யில் 1/88 ஆகி ரயில் மாடல் ஸ்கேலுக்குப் போய்விடும்.

பஸ் வேண்டுமென்றால் நம் ஊர் பிளாஸ்டிக்கிடம் வர வேண்டும். சென்ட்டி, ஷின்செய் இரண்டும் இந்தியத் தெருவை அப்படியே செய்கிறவர்கள்: ஆட்டோ, அம்பாசடர், லாரி, அரசு பஸ். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எவ்வளவு தேடினாலும் அவர்கள் ஊர்க் கடையில் இந்த முகம் கிடைக்காது. ஆனால் அம்பாசடரும் ஆட்டோவும் நமக்கு உதவாது. நிஜ ஆட்டோ 2.6 மீட்டர்தான், 1/56-ல் 46 மி.மீ. இருந்தால் போதும், பொம்மை ஆட்டோவோ உள்ளங்கை நீளம் வருகிறது. 11 செ.மீ. என்றால் 1/24. அம்பாசடர் 4.3 மீட்டர், 12 செ.மீ. பொம்மை 1/36. ஆனால் 20 செ.மீ. நீளத்தில் ஒரு பஸ் கிடைத்தால்? 11 மீட்டர் பஸ்ஸுக்கு அது 1/55! எட்டு மீட்டர் லாரி 15 செ.மீ.யில் 1/53. சின்ன வண்டியைச் சின்ன பொம்மை வரிசையிலும் பெரிய வண்டியைப் பெரிய பொம்மை வரிசையிலும் எடுத்தால் இரண்டும் நம் மேஜையில் வந்து சேர்ந்துகொள்கின்றன.

பஸ்ஸைச் சோதிக்க நீளம் மட்டும் போதாது. நீளத்தைச் சுருக்கி, உயரத்தை அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் பொம்மைக்காரர்களுக்கு உண்டு. ஒரு உருவத்தைப் படிக்கட்டோரம் நிறுத்துங்கள். கீழ்ப்படி முழங்கால் பக்கம் இருக்க வேண்டும், ஜன்னலின் கீழ் விளிம்பு கண்ணுக்கு நேராகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும், வாசலில் அவன் குனியாமல் ஏற முடிய வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் ஒரு செ.மீ. நீளம் குறைந்ததை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பிளாஸ்டிக் என்பதால் ஹேக்ஸா பிளேடு வைத்துப் பக்கவாட்டை அறுத்து, கவிழ்ந்த பஸ்ஸாகவும் எரிந்த பஸ்ஸாகவும் ஆக்குவது உலோகத்தைவிட எளிது.

முன்பு பாரிமுனைப் பக்கம் நடைபாதையிலேயே பெயர் தெரியாத சீனப் பொம்மைக் கார்கள் பை பையாகக் கிடைக்கும். 2020-ல் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அந்த வகை மெலிந்துவிட்டது. இப்போது அந்த இடத்தை நிரப்புவது உறவினர் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து ஒதுக்கிய பொம்மைப் பெட்டிதான், சக்கரம் போனது, கண்ணாடி உடைந்தது எல்லாமே நமக்கு ரெடிமேட் சிதைவு. கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் இலவசம்.

1/43 கட்சியின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஐரோப்பாவில் பழைய பொருள் சந்தையில் 1/43 கார்கள் மலிவாகப் புரள்கின்றன, அங்கே இருப்பவர்கள் அதை ஏன் விட வேண்டும். இங்கே புதிதாக வாங்கினால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுவது சகஜம், அப்புறம் மலிவு என்ற பேச்சே இல்லை. கையில் இருந்தால் தாழ்ந்த வண்டிகளை மட்டும் மேஜைக்கு எடுங்கள். 1.2 மீட்டர் உயர ஸ்போர்ட்ஸ் கார் 1/43-ல் 28 மி.மீ.தான், கூரை வீரனின் கண்மட்டத்தில் நிற்கும், உறுத்தாது. 1.8 மீட்டர் எஸ்யூவி 42 மி.மீ. வரும், தெருவையே அடைத்துக்கொள்ளும், அதன் பின்னால் ஒளிகிறவன் எதிரியைப் பார்க்கவே முடியாது.

எல்லாவற்றையும்விட மலிவு ஒன்று உண்டு, பொம்மைக் கடையில் இருக்காது: கட்டடக்கலை மாணவர்கள் மாடலில் ஒட்டுகிற குட்டிக் கார்கள். 1/50, 1/75, 1/100, 1/150 என்று பாக்கெட்டில் வரும். 1/50 எண்ணளவில் நமக்குத் தோதுதான், ஆனால் சோப்புக்கட்டியில் செதுக்கிய மாதிரி மொழுக்கென்று இருக்கும், பின்வரிசையில் நிறுத்தலாம். 15 மி.மீ. ஆடுகிறவர்களுக்கு 1/100 பாக்கெட் வரப்பிரசாதம். அவர்களுக்கு மூன்று இன்ச் பஸ்களும் ஓரளவு ஆகும்: லண்டன் டபுள் டெக்கர் 8.4 மீட்டர், 7.5 செ.மீ.யில் 1/112.

டாங்கிக்கு மட்டும் பொம்மைக் கடையை நம்ப வேண்டாம். அங்கே இருப்பதற்கு ஸ்கேலும் கிடையாது, நாடும் கிடையாது. பசையில்லாமல் பொருத்துகிற 1/72 சீனக் கிட்டுகள் மலிவு, ஆனால் அவற்றுக்கு 20 மி.மீ. பிளாஸ்டிக் வீரர்கள்தான் ஜோடி, 28-ஓடு கலக்காதீர்கள்.

கலந்து வாங்கியவற்றை ஒரே தெருவில் நிறுத்த இரண்டு வேலை செய்தால் போதும். சற்றுச் சின்னதாகத் தெரிகிற வண்டியை 3 மி.மீ. சன்போர்டில், அதாவது லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகையில், ஒட்டிவிடுங்கள், ஆளின் பேஸுக்கு ஈடாக உயர்ந்துவிடும். அடுத்து, பளபளப்பைக் கொல்லுங்கள். ஹாட்வீல்ஸ் மாதிரி ரிவெட் அடித்ததை 3 மி.மீ. டிரில் பிட்டால் அடியில் துளைத்துப் பிரித்து, கண்ணாடியைத் தனியே எடுத்துவிட்டு பிரைமர், மேட் பெயின்ட், கடைசியில் எல்லா வண்டிக்கும் ஒரே பழுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயின்ட் பூச்சு. பொம்மை என்று காட்டிக்கொடுப்பது ஸ்கேலைவிட அந்த மினுமினுப்புதான்.

ஆன்லைனில் வாங்கும்போது பட்டியலில் போட்டிருக்கும் நீளம் பல நேரம் பெட்டியின் நீளம். வாங்கியவர்கள் போட்ட படங்களில் கையில் பிடித்த மாதிரி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் விற்பவரிடம் வண்டியின் நீளத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் வகுங்கள்.