‘கழுவியது, பஃபர் செய்தது’ என்று அச்சடித்த கோகோபீட் மூட்டை: ஏமாறாதீர்கள்

நாற்று வளர்க்க வாங்கிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மூட்டையின் மேல் போட்டிருந்தது இவ்வளவு: கழுவியது, பஃபர் செய்தது, பிஎச் 6.0, இசி 0.5-க்குக் கீழ், நாற்றுக்கு நேரடியாக நிரப்பலாம். பிஎச் என்பது அமில-கார அளவு; இசி என்பது கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன். உள்ளே இருந்ததைச் சோதித்தால் இசி 2.1, பிஎச் 7.4. அதற்குள் மிளகாய்த் தட்டுகள் எல்லாம் நிரப்பி விதைத்தாகிவிட்டது. விற்றவரிடம் கேட்டபோது வந்த பதில் வழக்கமானதுதான்: “உங்க தண்ணி சரியில்லை, உரம் கூடப் போட்டிருப்பீங்க.” சோதித்தது பிரிக்காத மூட்டையை, காய்ச்சி வடித்த தண்ணீரில். உரம் ஒரு சிட்டிகை கூடச் சேர்க்கவில்லை.

அந்த 0.5 எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு பங்கு கலவைக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றினால் 2.1 காட்டும் அதே சரக்கு, பத்துப் பங்கு ஊற்றினால் ஏறத்தாழ 0.4-தான் காட்டும். உப்பு அதே உப்பு, நீர்த்துப்போயிருக்கிறது, அவ்வளவே. எந்த விகிதத்தில் அளந்தது என்று சொல்லாத இசி எண்ணுக்கு மதிப்பே இல்லை. பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) என்று சொன்னாலும் இதே கதை: இசி 1.0 என்பதை ஒரு மீட்டர் 500 என்னும், இன்னொன்று 700 என்னும்.

அடுத்தது ‘பஃபர்’. கழுவுவதும் பஃபர் செய்வதும் ஒன்றல்ல. தண்ணீரில் அலசினால் தனியாகக் கிடக்கும் உப்புதான் வெளியேறும். நாரோடு ஒட்டிப் பிடித்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் போகாது. அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார கரையும் கால்சியம் வேண்டும், அதாவது கால்சியம் நைட்ரேட். அதைச் செய்யாத கோகோபீட், நீங்கள் தரும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் முதலில் தானே எடுத்துக்கொள்ளும், பதிலுக்குச் சோடியத்தை வேருக்கு விடும்.

இந்த மூட்டையில் கால்சியம் நைட்ரேட்டுக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூள். மலிவு. ஆனால் அது சட்டென்று கரையாது, பஃபர் வேலைக்கு ஆகாது. கரையக் கரைய பிஎச்சை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும். பீட் மாஸுக்கு (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அது தேவை, ஏனென்றால் பீட் மாஸின் பிஎச்சே 4 அளவில்தான் இருக்கும். கோகோபீட் இயல்பாகவே 5.5-க்கும் 6.8-க்கும் நடுவில் இருப்பது, அதற்கு எதற்குச் சுண்ணாம்பு? கண்டுபிடிப்பது எளிது. கலவையில் தெரியும் வெள்ளைத் துணுக்குகளைப் பொறுக்கி ஒரு மூடியில் வைத்து வினிகர் விடுங்கள். பெர்லைட் (கலவையில் சேர்க்கும் பொரித்த எரிமலைக் கல்) சும்மா கிடக்கும். சுண்ணாம்பு பொசுபொசுவென்று நுரைக்கும்.

தட்டில் தெரிந்த அறிகுறிகளும் இரண்டு வகை. முளைப்பு முன்னும் பின்னுமாக வந்தது, வித்திலையின் ஓரம் கருகியது, வேர் நுனி வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக இருந்தது, குழியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு: இது உப்பு. முதல் உண்மை இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது: இது பிஎச். 6.5-ஐத் தாண்டினால் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. மஞ்சளைப் பார்த்ததும் பசி என்று நினைத்து 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள கரையும் உரம்) ஊற்றுபவர்கள்தான் அதிகம். உப்பு மேல் உப்பு ஏறும். போதாததற்கு அதில் கால்சியமே கிடையாது.

நிரப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை: கலவை 100 மில்லி, லேசாக அழுத்தி அளந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர் 200 மில்லி. கலக்கி அரை மணி நேரம் விட்டு, குழம்பிலேயே பிஎச் பாருங்கள். பிறகு வடிகட்டிய நீரில் இசி. நாற்றுக்கு பிஎச் 5.5 முதல் 6.2, இந்த விகிதத்தில் இசி 0.3 முதல் 0.7 மில்லிசீமென்ஸ் இருந்தால் போதும். பிஎச் மீட்டரை முதலில் 7.0, 4.0 கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் குத்தும் இரட்டைக் கம்பி மீட்டர் இதற்கு உதவாது; அது இன்னொரு ஏமாற்று.

உப்பு மட்டும்தான் கோளாறு என்றால் சரக்கைக் காப்பாற்றலாம். 5 கிலோ அழுத்திய கோகோபீட் கட்டிக்கு: வடியும் நீரின் இசி, ஊற்றும் நீரின் இசிக்குப் பக்கத்தில் வரும்வரை அலசல், பிறகு சுமார் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறல், மறுபடி ஓர் அலசல். விதைத்துவிட்ட தட்டானால் அடியில் நன்றாக வடியும்வரை பூவாளியால் நல்ல தண்ணீர் விட்டு, அடுத்த நீருக்கு லிட்டருக்கு 0.3 கிராம் கால்சியம் நைட்ரேட். 19:19:19 கொடுப்பதானால் வேறொரு நாளில், உண்மை இலை வந்தபின், லிட்டருக்கு கால் கிராமில் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைத்தால் பால்போலத் திரிந்து அடியில் படியும்.

சுண்ணாம்பு ஏறிய கலவைக்கு அவ்வளவு சுலப வழி இல்லை. சிட்ரிக் அமிலம் விட்டால் இறங்கியதுபோல் காட்டும், கரையாத தூள் மிச்சம் இருக்கும்வரை மீண்டும் ஏறும். கந்தகம் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், நாற்று காத்திருக்காது. இரும்பு தருவதானால், இரும்பைப் பிடித்துவைக்கும் சேர்மங்களில் இடிடிஏ (EDTA) வகை இந்த பிஎச்சில் தாங்காது, இடிடிஎச்ஏ (EDDHA) வகை வேண்டும். அதுவும் தற்காலிகம். எங்கள் கணக்கில், அதை நாற்றுக்கு வைத்து மல்லுக்கட்டாமல் மரங்களுக்கு மூடாக்காகப் போட்டுவிடலாம்.

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி: இசி எந்த விகிதத்தில் அளந்தது, பஃபர் எதனால் செய்தது, தொகுதி எண் என்ன. கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். வாக்குவாதத்துக்குப் பின் ‘புதுச் சரக்கு’ என்று மாற்றித் தந்த மூட்டையிலும் அதே தொகுதி எண்தான் இருந்தது. பிஎச் 7.3. வினிகரில் அதே நுரை.