‘யாரையும் காதலிக்கலாம்’ என்று விற்ற கேம்: பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்

கதாநாயகனா கதாநாயகியா என்று நாமே முடிவு செய்யலாம், உடன் வரும் தோழர்களில் ஒருவரைக் காதலிக்கலாம் என்ற இரண்டு வசதிகளுக்காகவே ரோல்-பிளேயிங் கேம்களை (நாமே ஒரு கதாபாத்திரமாகிக் கதையை நகர்த்தும் வீடியோ கேம்களை) வாங்குகிறவர்கள் பலர் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். அண்மையில் நான் வாங்கிய ஒரு கேமின் ஸ்டோர் பக்கத்தில், ஆணாகவோ பெண்ணாகவோ விளையாடலாம் என்றும், ஆறு தோழர்களில் மனத்துக்குப் பிடித்தவரைக் காதலிக்கலாம் என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஆறு என்ற எண்ணிக்கை, கதாநாயகனுக்கு உரிய நால்வரையும் கதாநாயகிக்கு உரிய இருவரையும் கூட்டிச் சொன்ன கணக்கு. இதை அந்தப் பக்கத்தின் எந்த மூலையிலும் சொல்லவில்லை. பாலினத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையிலும் சொல்லவில்லை.

நான் கதாநாயகியைத் தேர்ந்தெடுத்தேன். கதையின் நடுப்பகுதி வரை, படையில் உடன் வரும் வாள்வீராங்கனை ஒருத்தியோடு நட்பு வளர்ந்துகொண்டே போனது. அவளுக்கு உகந்த பரிசுகளைத் தேடிக் கொடுத்தேன். அவளுடைய சொந்தக் கதைக்கான பணிகளையெல்லாம் முடித்தேன். நட்பு அளவுகோலும் உச்சத்தைத் தொட்டுவிட்டது. முகாமில் இருவரும் தனியாகப் பேசும் காட்சி வந்தபோது, அவள் என் கதாநாயகியின் கையைப் பற்றிக்கொண்டு, “உன்னை என் கூடப்பிறந்த அண்ணனாகவே நினைக்கிறேன்” என்ற பொருளில் ஒரு வசனம் பேசினாள். கீழே ஓடிய எழுத்தில் மட்டும் அண்ணன் என்பதை அக்கா என்று திருத்தியிருந்தார்கள். குரலைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை. அதன்பின் அவள் வாயைத் திறந்தால், கடைக்காரர்கள் பேசுவதுபோல் வெறும் ஒற்றை வரிதான்.

காதலுக்குக் கட்டுப்பாடே கூடாது என்பது என் வாதம் அன்று. 2014-இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ கேமின் தோழர்களில் டோரியன் ஆண்களை மட்டுமே விரும்புவான், சேரா பெண்களை மட்டுமே விரும்புவாள், சோலாஸோ எல்ஃப் இனத்துப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் இணங்கமாட்டான். டோரியனுக்கும் அவனுடைய தந்தைக்கும் இடையிலான பிணக்கே அந்த விருப்பத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதால், அவனை எல்லோருக்கும் பொதுவாக்கியிருந்தால் அந்தக் கதையே நீர்த்துப்போயிருக்கும். இதற்கு நேர்மாறாக, 2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமில் முதன்மைத் தோழர்கள் எல்லோரையும் எந்தப் பாலினக் கதாபாத்திரமும் காதலிக்கலாம். இரண்டும் முறையான வழிகள்தான். எனக்கு டோரியனின் வழி சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். ஆனால் எனக்கு விற்கப்பட்ட கேமில் அந்த வாள்வீராங்கனைக்கென்று ஒரு விருப்பு வெறுப்பு எழுதப்பட்டிருக்கவே இல்லை. பெண்ணின்மேல் தனக்கு நாட்டமில்லை என்று அவள் ஒரு வரி சொல்லியிருந்தாலும் மரியாதையாக விலகியிருப்பேன். கதாநாயகனுக்காக எழுதிய கதையில் காதல் காட்சிகளை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கதாநாயகியின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த அண்ணன் வசனமே சாட்சி.

கதாநாயகிக்கென்று ஒதுக்கிய இருவரில் ஒருவன் கதையின் முன்பாதியிலேயே இறந்துபோகிறான்; என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது. இன்னொருவனுடைய காதல் கதை பாதியில் நின்று, தனியாகப் பணம் கட்டி வாங்கவேண்டிய டிஎல்சி என்ற கூடுதல் பகுதியில்தான் முடிகிறது. கதாநாயகனாக விளையாடுகிறவருக்கு இந்தக் கூடுதல் செலவு கிடையாது.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதை இதைவிட மோசம். கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமை வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால்தான் ரீஃபண்ட் உறுதியாகக் கிடைக்கும். இந்த வகைக் கேம்களில் முகத்தையும் முடியையும் தழும்பையும் வடிவமைப்பதிலேயே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். முன்கதை முடிந்து முதல் தோழர் வந்து சேர்வதற்குள் மீதியும் போய்விடும். காதல் பாதை மூடியிருப்பது தெரியவரும்போது ரீஃபண்டுக்கான கதவும் மூடியிருக்கும். என் கோரிக்கை உடனே நிராகரிக்கப்பட்டது. கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு எழுதியதற்கு, என் கருத்து அவர்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது என்ற வழக்கமான பதிலும், நடுவில் பாலினத்தை மாற்ற இயலாது என்பதால் புதிதாகத் தொடங்கலாம் என்ற யோசனையும் வந்தன. அதே மின்னஞ்சலின் அடியில் டிஎல்சிக்கான இணைப்பு வேறு!

ஆகவே ஸ்டோர் பக்கத்தில் மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால், அது எந்தப் பாலினத்துக்கு எத்தனை என்று பிரிந்து கிடைக்கும்வரை வாங்காதீர்கள். ரசிகர்கள் நடத்தும் விக்கிகளில் இதற்கான அட்டவணை பெரும்பாலும் கேம் வெளியான சில நாட்களிலேயே வந்துவிடும். பெயர்பெற்ற கேம்களுக்கும் இந்தச் சோதனை தேவைதான்: 2020-இல் வந்த ‘சைபர்பங்க் 2077’ கேமில் ஜூடியைக் காதலிக்கப் பெண்ணுடலும் பெண்குரலும் வேண்டும், பேனமுக்கு ஆணுடல் வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கதாபாத்திரத்தை வடிவமைக்கும் திரை நமக்குச் சொல்வதில்லை. ட்ரெய்லர்களில் கதாநாயகி பேசும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ‘மாஸ் எஃபெக்ட்’ வரிசையில், ஆணாகவோ பெண்ணாகவோ நாம் ஆடும் கதாபாத்திரமான ஷெப்பர்டுக்கு மார்க் மீரும் ஜெனிஃபர் ஹேலும் தனித்தனியே குரல் கொடுத்தார்கள். அந்த அளவுக்குச் செலவு செய்த நிறுவனம் அதை விளம்பரத்தில் மறைத்து வைக்காது. டிஎல்சியை முன்கூட்டியே சேர்த்து வாங்குவது இன்னும் ஆபத்து. ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’யில் யாரை வேண்டுமானாலும் விரும்பலாம் என்று விளையாடியவர்கள்மேல், 2019-இல் வந்த டிஎல்சி எதிர்ப்பாலினத் துணையையும் ஒரு குழந்தையையும் சுமத்தியது. எதிர்ப்பு கிளம்பியபின் உருவாக்கியவர்கள் வருத்தம் தெரிவித்துச் சில மாற்றங்களைச் செய்தார்கள்.

என் விஷயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்து வந்த பேட்ச் (கேமின் குறைகளைத் திருத்தும் புதுப்பிப்பு) குறிப்பில் குதிரையின் வேகத்தைச் சரிசெய்ததாக எழுதியிருந்தார்கள். ஸ்டோர் பக்கத்தில் அதே ஆறு தோழர்கள் அப்படியே இருக்கிறார்கள். டிஎல்சிக்கு மட்டும் இப்போது தள்ளுபடி அறிவித்திருக்கிறார்கள்.