கொல்லையில் ரேஸ் விட எந்த ஆர்சி கார்? சில வருடம் ஓட்டிய அனுபவம்

ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடும் சிறு கார், ரேஸ் விடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒரே மாடலில் இரண்டாக வாங்குங்கள். கையில் இருக்கும் பணத்துக்கு வேகமான கார் ஒன்று வரும் என்றால், அதை விட்டுவிட்டு அதற்கு ஒரு படி கீழே உள்ள இரண்டை எடுங்கள். தனியாக ஓட்டும் கார் சீக்கிரமே பரணுக்குப் போய்விடும். எங்கள் வீட்டு வண்டிகள் இன்னமும் மண்ணில் ஓடுவதற்கு அவை ஜோடியாக வந்ததே காரணம். மோட்டார், பேட்டரி, டயர் எல்லாம் ஒன்றேதான் என்பதால், முந்தினால் ஓட்டியவர் கை முந்தியது என்று அர்த்தம். தோற்றவர் வண்டியை மாற்றிக் கேட்கலாம் என்பது எங்கள் வீட்டு விதி. உதிரி பாகமும் ஒரே செட் போதும்.

எங்களுடையது புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் கொல்லை. சுமார் 12 மீட்டர் நீளம், பொடிச் சரளை, ஓரத்தில் கொஞ்சம் புல், நடுவில் ஒரு முருங்கை. இந்த மாதிரி இடத்துக்கு 1/16 அல்லது 1/18 அளவுதான் (நிஜக் காரில் பதினாறில் அல்லது பதினெட்டில் ஒரு பங்கு) சரி. 1/10 கார் ஏறக்குறைய 40 செ.மீ. நீளம், ஒன்றரைக் கிலோ எடை. அது வேகத்தோடு வந்து ஒரு குழந்தையின் கணுக்காலில் இடிப்பதை நினைத்துப் பார்த்தாலே போதும். மறுபக்கம் 1/28 அளவு. 1999-இல் ஜப்பானின் கியோஷோ நிறுவனம் கொண்டுவந்த மினி-இசட் இந்த அளவில் அருமையான வண்டி, ஆனால் அது வழவழப்பான தரைக்கும் கார்ப்பெட்டுக்கும் பிறந்தது. அடிப்பாகம் தரையிலிருந்து சில மில்லிமீட்டர்தான் உயரம் என்பதால் ஒரு சரளைக் கல் போதும், நின்றுவிடும். 1/18 கார் சுமார் 25 செ.மீ. இருக்கும். விரல் கணு உயரப் புல் வரை தாராளமாக ஓடும். அதற்கு மேல் வளர்ந்த புல் ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும். கொல்லை முழுக்கப் புல் என்றால் பக்கி எனப்படும் தாழ்வான மண்தரை ரேஸ் வண்டியை விடப் பெரிய சக்கரம் உள்ள டிரக் வகை நல்லது. லாட்ராக்ஸ், லோசி, டபிள்யூஎல்டாய்ஸ் என்ற பிராண்டுகளில் இந்த அளவு வண்டிகள் நிறையக் கிடைக்கின்றன.

வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அட்டையில் போட்டிருக்கும் 40 கி.மீ. என்பது நொடிக்கு 11 மீட்டர். எங்கள் கொல்லை ஒரு நொடியில் தீர்ந்துவிடும், அடுத்து மதில்தான். சாதாரண ப்ரஷ் மோட்டாரே தாராளம், அதைவிட வேகமும் விலையும் கூடிய ப்ரஷ்லெஸ் மோட்டார் இங்கே வீண் செலவு. அதைவிட முக்கியம், ரிமோட்டில் வேகத்தைக் குறைத்து வைக்கும் திருகு இருக்கிறதா என்பது. டிராக்ஸாஸ் நிறுவன வண்டிகள் பலவற்றில் பழகுபவர்களுக்காகவே வேகத்தைப் பாதியாக்கும் வசதி இருக்கிறது. பாதி வேகத்தில் இரண்டு கார்கள் ஒட்டி உரசிக்கொண்டு வளைவில் நுழைவதைப் பார்த்தவர்கள் முழு வேகத்தைக் கேட்பதே இல்லை.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியே வாங்குங்கள். சரளையில் பின் சக்கரம் மட்டும் தள்ளும் வண்டி வாலைச் சுழற்றிவிடும், சிறுவர்கள் சலித்துப்போவார்கள். 1984-இல் வந்த தமியா கிராஸ்ஹாப்பர் அப்படிப்பட்ட பின்சக்கர வண்டி. விரலின் அழுத்தத்தை அளந்து கொடுக்கப் பழக அதைப் போல வேறில்லை என்பேன். ஆனால் அது 1/10, பெரிய மைதானம் வேண்டும்.

காரைப் பிடித்துவிட்டது என்றால் உடனே வாங்காமல், அதன் உதிரி பாகங்கள் கிடைக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். முன் சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கை), ஸ்டியரிங் நக்கிள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு), சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்), டிஃபரென்ஷியல் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி), பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பல்சக்கரம்), இந்த ஐந்தும் தனித்தனியாக விற்பனைக்கு இருந்தால்தான் அது பல வருடம் ஓடும் கார். எங்களிடம் அதிகம் உடைந்தது முன் ஆர்ம். சக்கரத்துக்குள் இருந்த பிளாஸ்டிக் புஷ்கள் (அச்சு சுழலும் வளையங்கள்) செம்மண் தூசியில் தேய்ந்து ஆட ஆரம்பித்தன. அவற்றை எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டோம். வண்டிக்குச் செய்த செலவுகளில் இதைப் போல பலன் தந்தது வேறு எதுவும் இல்லை.

தடத்தைச் செங்கல்லால் கட்டாதீர்கள், ஆர்ம் உடைவது பெரும்பாலும் அதில்தான். பழைய தண்ணீர் ஹோஸை வளைத்துப் போட்டு, கம்பியை வளைத்து அடித்து நிறுத்தினால் போதும். கார் மோதினாலும் ஏறி இறங்கிவிடும். வளைவுகளில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் அகலம் விட்டால்தான் முந்த இடம் கிடைக்கும். ஓட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து மண்ணை அமர்த்துங்கள். தூசியும் அடங்கும், டயருக்கும் பிடிப்பு வரும். 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒருவர் ரிமோட் மற்றவர் காரை இழுக்காமல் இருக்க, அலைவரிசையை முடிவு செய்யும் கிரிஸ்டல் என்ற சிறு துண்டை ஆளுக்கொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் அந்தச் சிக்கல் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் காரோடு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

பேட்டரியில் மட்டும் அலட்சியமே கூடாது. இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் 7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4. ஒரு செல் 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் வரை ஓட்டாதீர்கள். சில நாள் சும்மா வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். ஓட்டியதும் சூடு ஆறட்டும், பிறகு மண்சட்டிக்குள் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி தொடவே வேண்டாம். சிறுவர்களே சார்ஜ் போடும் வீடென்றால் நிக்கல் பேட்டரி போதும், அது கொஞ்சம் முரட்டுக் கையையும் தாங்கும். சித்திரை வெயிலில் மோட்டாரும் கொதிக்கும். தொட்டு விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் ஓய்வு கொடுங்கள். அடிக்கடி அப்படி ஆனால் ஒரு பல் குறைந்த பினியனைப் போட்டுப் பாருங்கள்.

மழைக்காலத்தில், நீர் புகாத வண்டி என்று போட்டிருந்தாலும் அது மின்பாகங்களுக்கு மட்டும்தான். ஈரத்தில் ஓட்டிய அன்றே சக்கரங்களைக் கழற்றித் துடைத்து, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு பிடித்துவிடும்.