நரம்பு பிளாக்கில் கூட்டு மருந்து: எந்த ஆம்பூலை உடைக்கலாம்?

மணிக்கட்டு எலும்பு முறிவுக்குத் தகடு வைக்கும்போது சுப்ராகிளாவிகுலர் பிளாக்கில் (காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கையை மரக்கச் செய்வது) 0.5 சதவீத பியூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து 20 மி.லி. போட்டால், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வலி தெரியாது. மதியம் செய்த கேஸ் நள்ளிரவில் கத்தத் தொடங்கும். அந்த இரவைத் தாண்டத்தான் மரப்பு மருந்துக்குத் துணையாகக் கொடுக்கும் கூட்டு மருந்து. பெரும்பாலான ஆம்பூல்களின் லேபிளில் இந்தப் பயன்பாடு அச்சிடப்பட்டிருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

முதலிடம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுக்கு. டீ விலைக்குக் கிடைக்கிறது. 2 மி.லி. வயலில் 8 மி.கி. இருக்கும்; நரம்பருகே போட 4 மி.கி. போதும், அதற்கு மேல் ஏற்றினால் லாபம் சொற்பம். 2017-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, நரம்பருகே போட்டால் உணர்வு பிளாக் சுமார் ஆறரை மணி நேரம் நீளுகிறது. நரம்பருகே போடாமல் சிரை வழியாகக் கொடுத்தாலே ஆறு மணி நேரம் கிடைக்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் மூன்று மணி. அந்த மூன்று மணிக்காகப் பதப்பொருள் கலந்த மருந்தை நரம்பின்மேல் கொட்ட வேண்டுமா? சிரை வழியே 8 மி.கி. என்பதே எங்கள் தேர்வு. விழித்திருப்பவருக்கு வேகமாகத் தள்ளினால் ஆசனவாய்ப் பக்கம் சுரீரென்று எரியும், மெதுவாகக் கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு மறுநாளும் சர்க்கரை பார்க்க வேண்டும்.

நரம்பருகேதான் போடுவேன் என்பவர் அதை ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தோடு கலக்கவே கூடாது. ரோபிவகெய்ன் அமிலத்தன்மையில்தான் கரைந்திருக்கும். டெக்ஸாமெத்தசோனின் காரத்தன்மை பட்டதும் படிகமாகிவிடும். சிரிஞ்சில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நுண்ணோக்கியில் தெரியும்.

இரண்டாமிடம் தூக்கம் வரவழைக்கும் மருந்தான டெக்ஸ்மெடெட்டோமிடினுக்கு. அளவு 50 மைக்ரோகிராம், அதாவது 100 மைக்ரோகிராம்/மி.லி. ஆம்பூலில் அரை மி.லி. பிளாக் சீக்கிரம் பிடிக்கிறது, நன்றாக நீளுகிறது. அதற்கு விலை, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்குவது. நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர், ஏற்கெனவே நாடி 50-இல் ஓடுபவர் என்றால் விட்டுவிடலாம். டெக்ஸா, டெக்ஸ்மெட் என்று பெயரைச் சுருக்கிச் சொல்வது தியேட்டரில் ஆபத்து. முழுப் பெயரைச் சொல்லுங்கள், சிரிஞ்சிலும் எழுதுங்கள். குளோனிடின் இதன் மூத்த உறவுதான். நீட்டிப்பு இரண்டு மணி நேரம், தொல்லைகளோ அதே தொல்லைகள்.

அட்ரினலின், லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்துக்கு நல்ல துணை, பியூபிவகெய்னுக்கு நேரம் அதிகம் கூட்டாது. ஊசி ரத்தக்குழாயில் நுழைந்தால் நாடி எகிறிக் காட்டிக்கொடுக்கும் என்பதே அதன் பெரிய பயன். 1:2,00,000 என்றால் 20 மி.லி.க்கு 1:1000 அட்ரினலின் 0.1 மி.லி. இங்கேதான் கை தவறுகிறது. பலரும் இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பார்கள். யூ-100 சிரிஞ்சில் (மி.லி.க்கு 100 யூனிட்) 0.1 மி.லி. என்பது 10 யூனிட் கோடு, யூ-40-இல் (மி.லி.க்கு 40 யூனிட்) 4 யூனிட் கோடு. யூ-40-ஐ எடுத்துப் பத்துவரை இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். டெக்ஸ்மெடெட்டோமிடின் எடுக்கும்போதும் இதே பொறிதான்: யூ-100-க்கு 50 யூனிட் கோடு, யூ-40-க்கு 20 யூனிட் கோடு.

ஓபியாய்டு வகை வலி மருந்தான புப்ரெனார்ஃபின் வேலை செய்யும், ஆனால் இரவெல்லாம் வாந்தி. கெட்டமின் வேண்டாம், வலி குறைவதைவிடக் குழப்பம்தான் மிஞ்சும். மிடசோலம் நரம்புக்கு நஞ்சாகலாம் என்ற சந்தேகம் தீராதவரை அலமாரியிலேயே இருக்கட்டும்.

நசுங்கிய முன்கை, முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவு போன்றவற்றில் எதையும் கலக்கும் முன் எலும்பு அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். தசை அறைக்குள் அழுத்தம் ஏறினால் முதலில் குரல் கொடுப்பது வலிதான், நீண்ட பிளாக் அதை மறைத்துவிடலாம். மற்றவர்களுக்குக் கையைத் தூளியில் கட்டி, வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கம் போகக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள். முதல் வலி மாத்திரையை, விரல் அசையத் தொடங்கியதுமே, வலிக்காகக் காத்திராமல் கொடுக்கச் சொல்லுங்கள்.